சிக்னல்ல மட்டும் கடகடக்கும் சைலன்சர்

போன எபிசோட்ல புலம்பினேனே, என் கார் சத்தம்? ஒருவழியா பிடிச்சுட்டேன். வெளியில வாங்கி மாட்டின சைலன்சர் அது. சிக்னல்ல நின்னா கடகடன்னு அடிக்கும், ஆக்சிலேட்டரை லேசா மிதிச்சா நின்னுடும். ஐடிலிங்ல இன்ஜின் நல்லா குலுங்கும்; கூடவே பைப்பும் ஆடி எதையோ இடிக்குதுன்னு அர்த்தம்.

மெக்கானிக் அண்ணன், "பாடியோட சேர்த்து வெல்ட் வச்சிடலாம் தம்பி"ன்னார். வேண்டாம்னுட்டேன். 2 மீட்டர் ஸ்டீல் பைப், சூடு 200 டிகிரி கூடினா கிட்டத்தட்ட 5 மில்லிமீட்டர் நீளும். அதுக்கு அசைய இடம் வேணும்னுதான் ரப்பர்ல தொங்கவிடுறாங்க.

ராத்திரி முழுக்க ஆறவிட்டு, வண்டியை ஜாக் ஸ்டாண்ட்ல ஏத்திப் பார்த்தேன் (வெறும் ஜாக்கை நம்பி அடியில படுக்காதீங்க, ப்ளீஸ்). ஹீட் ஷீல்டுல துருவுக்கு நடுவுல ஒரு இடம் மட்டும் பளபளன்னு தேய்ஞ்சிருந்தது. இடிக்கிற இடம் அதுதான். பழைய ரப்பர் தொய்ஞ்சிருந்தது. புது ரப்பர் மாட்டி, கிளாம்பைத் தளர்த்தி, பைப்பைக் கொஞ்சம் திருப்பி, ஒரு விரல் இடைவெளி விட்டு இறுக்கினேன். சத்தம் காலி.

தட்டும்போது உள்ளே கல் உருளுற மாதிரி கேட்டா கதை வேற: கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குள்ள செராமிக் உடைஞ்சிருக்கலாம். 'டிக் டிக்'னு புகை கசியுற சத்தம்னா அன்னிக்கே காட்டுங்க. கார்பன் மோனாக்சைடு உள்ளே வந்தாலும் மூக்குக்குத் தெரியாது.