ஒரு சாண் உயரமும் ஓர் உயிரும்

மலைச்சாரலிலே பிறந்து, தேயிலைச் செடிக்கும் இறப்பர் மரத்துக்கும் நடுவே வளர்ந்தவர்களுக்குப் படகைப் பற்றி என்ன கவலை என்று நேயர்கள் கேட்கலாம். இரத்தினபுரிக்கும் கேகாலைக்கும் கடற்கரை கிடையாது. நாமும் அண்மைக்காலம் வரை அவ்வாறே எண்ணியிருந்தோம். ஆனால் ஒருநாள் மாலை, வகுப்பு முடிந்தபின், தோட்டத்திலிருந்து வரும் மாணவன் ஒருவன் கைத்தொலைபேசியுடன் நம் முன்னே வந்து நின்றான்.

“சேர், கனடாவில இருக்கிற எங்க அண்ணன் மீன்பிடிக்கப் பழைய அலுமினியப் படகு ஒண்ணு வாங்கியிருக்காரு. அதுக்குத் தட்டுப் பலகை எல்லாம் அடிக்கப் போறாராம். அவருக்கு நீந்தத் தெரியாது. அம்மா ராத்திரியில தூங்குறதே இல்லை” என்றான்.

படத்தைப் பார்த்தோம். பதினான்கு அடி நீளம், தட்டையான அடி, குறுக்கே மூன்று இருக்கைகள். அண்ணன் எழுதியனுப்பிய பட்டியலும் இருந்தது. நடு இருக்கையை அறுத்தெடுத்துவிட்டு, நின்றுகொண்டே தூண்டில் வீசத்தக்க உயரமான மேடை ஒன்று, சுழல் நாற்காலிகள், இரண்டு மின்கலங்கள், பெரிய இயந்திரம், பனிக்கட்டிப் பெட்டி, இவற்றோடு ஐந்து ஆட்கள். ஒவ்வொன்றும் தனித்தனியே நோக்கும்போது நியாயமானதே. எல்லாம் ஒன்றுசேரும்போது என்ன நிகழும் என்பதே கேள்வி.

நமக்குப் பழகிய உலோகம்

அலுமினியம் நம் மக்களுக்குப் புதியதன்று. இறப்பர்ப் பாலை உறைய வைக்கும் தட்டும், லயத்து அடுப்பிலே தேநீர் கொதிக்கும் கேத்தலும் அதனால் ஆனவையே. தேயிலைப் பெட்டிகளின் உட்புறத்தில் முதலில் ஈயத்தாளும், பின்னர் அலுமினியத்தாளும் ஒட்டப்பட்டன. 1886ஆம் ஆண்டில் அமெரிக்கரான சாள்ஸ் ஹோலும் பிரெஞ்சுக்காரரான போல் எரூவும், ஒருவரையொருவர் அறியாமலே, மின்சாரத்தின் துணையால் இவ்வுலோகத்தை மலிவாகப் பிரித்தெடுக்கும் வழியைக் கண்டனர். அதன்பின் சில ஆண்டுகளிலேயே, நோபல் பரிசுக்குத் தம் பெயரை அளித்த அல்பிரட் நோபலுக்காகச் சுவிட்சர்லாந்தில் அலுமினியப் படகொன்று கட்டப்பட்டது. இரண்டாம் உலகப் போரின் முடிவில், விமானம் கட்டிவந்த அமெரிக்க நிறுவனமான கிரமன், அதே தகட்டைக்கொண்டு சிறு தோணிகளைச் செய்யத் தொடங்கிற்று. இன்று வட அமெரிக்காவின் ஏரிகளெங்கும் சிறு அலுமினியப் படகுகளைக் காணலாம்.

இதற்குக் காரணம் எடை. ஒரே கன அளவுள்ள இரும்பின் எடையில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கே அலுமினியத்துக்கு உண்டு. எனினும் அது நீரைவிட 2.7 மடங்கு கனமானது. மரத்தோணி நீர் நிறைந்தாலும் பெரும்பாலும் மிதந்து கிடக்கும்; வெறும் அலுமினியப் படகோ அடியிலே போய்விடும். ஆதலால் இருக்கைகளின் உள்ளே, ரெஜிபோம் போன்ற இலேசான நுரைக்கட்டியை அடைத்து வைப்பார்கள். கவிழ்ந்த படகைத் தாங்கி நிற்பது அதுவே. குறுக்கே செல்லும் இருக்கை, படகின் இரு பக்கங்களையும் விரியாமல் பிடித்துவைக்கும் விட்டமுமாகும். அண்ணன் முதலிலே அறுத்தெறிய எண்ணியதோ அந்த நடு இருக்கை!

கரும்பலகைக் கணக்கு

மறுநாள் இதையே வகுப்பிற்குப் பாடமாக்கினோம். நீர்மட்டத்தில் படகின் பரப்பு ஏறத்தாழ 4 சதுர மீற்றர் என்று வைத்துக்கொள்வோம். அப்படகு ஒரு சென்ரிமீற்றர் அமிழும்போது விலக்கும் நீர் 40 லீற்றர். அதன் எடை 40 கிலோகிராம். ஆகவே நாம் ஏற்றும் ஒவ்வொரு 40 கிலோவும் படகை ஒரு சென்ரிமீற்றர் கீழே இறக்கும். ஆர்க்கிமிடீசின் விதி இதுவன்றோ?

மாணவர் கணக்கிட்டனர். ஐவரின் எடை 350 கிலோ, இயந்திரமும் எரிபொருளும் 60, மின்கலங்கள் 50, மேடைப் பலகை 60, பனிக்கட்டிப் பெட்டி 40, ஆக 560 கிலோ. படகு 14 சென்ரிமீற்றர் அமிழும். வெறும் படகே தன் எடையால் 2 சென்ரிமீற்றர் அமிழ்ந்திருக்கும். இத்தகைய சிறு படகுகள் பலவற்றில் இயந்திரம் மாட்டும் பின்பலகையின் உயரம் 15 அங்குலம், அதாவது 38 சென்ரிமீற்றர். எஞ்சுவது 22 சென்ரிமீற்றர். நம் வழக்கில் ஒரு சாண். இயந்திரமும் அதை ஓட்டுபவரும் பின்புறத்தில் இருப்பதால், அங்கே அந்தச் சாணும் மேலும் குறையும். ஓர் அலை பின்னாலிருந்து புரண்டு வந்தால் நீர் உள்ளே வந்துவிடும். உள்ளே வந்த நீரோ ஓரிடத்தில் நில்லாது; தாழ்ந்த பக்கத்துக்கே ஓடி, சாய்ந்த படகை மேலும் சாய்க்கும்.

பின்னர் இறப்பர்ப் பால் தட்டொன்றை நீரிலே மிதக்கவிட்டோம். ஆறு செங்கற் துண்டுகளை அடியிலே பரப்பியபோது தட்டு அசையாது நின்றது. அதே ஆறையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய மாணவி, விரலால் மெல்லத் தொட்டாள், தட்டு கவிழ்ந்தது. எடை கூடவில்லை, எடையின் இடமே உயர்ந்தது. மேடைமேல் நின்று தூண்டில் வீசுபவன் அந்த அடுக்கின் உச்சியில் உள்ள கல்லுக்கு ஒப்பாவான்.

செய்யத்தக்கவையும் தகாதவையும்

ஆகவே படகைச் செப்பனிடவே கூடாதா? அவ்வாறு நாம் சொல்லவில்லை. வரிசை அறிந்து செய்யவேண்டும் என்பதே நம் கருத்து. முதலில், தரையிலே நன்கு தாங்கி நிறுத்திய படகினுள் சிறிதளவு நீரை ஊற்றி, வெளியே எங்கே கசிகிறதென்று குறித்து, தளர்ந்த தறையாணிகளை இறுக்கவோ மாற்றவோ வேண்டும். அடுத்து நிலம்: மெல்லிய ஒட்டுப்பலகையின் எல்லா ஓரங்களுக்கும் நீர் புகாத பூச்சிட்டு, இயன்றவரை தாழ்வாகப் பதிக்கவேண்டும். மின்கலத்தை முன்புறத்தில், அசையாதபடி கட்டிவைத்தால், பின்னே இருக்கும் இயந்திரத்துக்கு அது ஈடுசெய்யும். மின்சாரத்தின் போக்குக்கும் வரவுக்கும் தனித்தனிக் கம்பி வேண்டும். படகின் உடலை ஒரு கம்பியாகப் பயன்படுத்தலாகாது.

செம்பைப் பற்றி ஒரு சொல். இறப்பர்ப் பாலில் செம்பு கலந்தால் இறப்பர் பழுதாகும் என்பதைத் தோட்டத்து மக்கள் அறிவர். அலுமினியத்துக்கும் செம்பு பகையே. இரண்டு உலோகங்களும் ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டால் அங்கே ஒரு சிறு மின்கலம் உண்டாகி, அலுமினியம் அரிக்கப்படும். பூச்சி அரிக்காதிருக்கச் செம்பு மருந்தூட்டிய பலகைகள் கடைகளில் விற்கப்படுகின்றன. வீட்டு வேலிக்கு நல்லதான அப்பலகை, படகின் அடித்தகட்டிலே துளையிட்டுவிடும்.

இவையெல்லாவற்றுக்கும் முன்னே பார்க்கவேண்டிய பொருள் ஒன்றுண்டு. கனடாவில் விற்கப்படும் சிறு படகுகளின் உட்புறத்தில் எத்தனை பேர், எவ்வளவு எடை, எவ்வளவு வலுவுள்ள இயந்திரம் என்பதைக் குறிக்கும் தகடு ஒட்டப்பட்டிருக்கும். “அழுக்கைத் துடைத்துவிட்டு அதைப் படிக்கச் சொல்லு தம்பி” என்றோம். அங்கே வசந்தகாலத்தில் பனி உருகிய ஏரிநீர் கடுங்குளிராக இருக்கும். அதில் விழுந்தவனுடைய கைகால்கள் சில நிமிடங்களிலேயே சோர்ந்துவிடும். நீந்தத் தெரிந்தவனுக்கும் உயிர்காப்பு அங்கி வேண்டும். அது பெட்டிக்குள் அன்று, உடம்பில் இருக்கவேண்டும்.

நம் நீர்நிலைகளின் பாடம்

இந்தப் பாடத்தைத் தேடிக் கனடா வரை செல்லவேண்டியதில்லை. நம் இரத்தினபுரி மாவட்டத்தின் எல்லையிலே, 1960களில் வளவை கங்கையை மறித்துக் கட்டப்பட்ட உடவளவை நீர்த்தேக்கம் இருக்கிறது. 1952ஆம் ஆண்டில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா மீன், இன்று இத்தகைய நீர்த்தேக்கங்களின் செல்வமாகிவிட்டது. அதைப் பிடிப்போர் பெரும்பாலும் துடுப்பு வலிக்கும் கண்ணாடியிழைத் தோணிகளிலே செல்கின்றனர். பொருள் புதியது, வடிவமோ சிங்களத்தில் ‘ஒருவ’ எனப்படும் பழைய தோணியினுடையது. ஒடுங்கிய அத்தோணி கவிழாமல் காப்பது, பக்கத்திலே கம்புகளால் பிணைத்த மிதவைக்கட்டை. பாட்டன்மார் தோணிக்குக் கூட்டிய அந்த ஒரே உறுப்பு சொகுசுக்காக அன்று, உயிருக்காகவே கூட்டப்பட்டது.

களு கங்கையிலும் ஒருகாலத்தில் தட்டையான அடியுடைய பாரு வள்ளங்கள் இரத்தினபுரிக்கும் களுத்துறைக்கும் இடையே பண்டம் ஏற்றிச் சென்றன. வீதிகள் பெருகியபின் அவை மறைந்தன. ஆனால் 2003ஆம் ஆண்டு மே மாதத்திலும், 2017ஆம் ஆண்டு மே மாதத்திலும் பெருவெள்ளம் வந்தபோது, இரத்தினபுரியின் வீதிகளிலே படகே வாகனமாயிற்று. வெள்ளத்தாலும் மண்சரிவாலும் இரு தடவையும் நாட்டில் 200க்கும் மேற்பட்ட உயிர்கள் மாண்டன. ஓடமும் ஒருநாள் வண்டியில் ஏறும், வண்டியும் ஒருநாள் ஓடத்தில் ஏறும் என்பது வெறும் பழமொழியன்று. மீட்க வரும் படகில் எல்லோரும் ஒரே பக்கம் பாய்ந்து ஏறலாகாது, எழுந்து நிற்கலாகாது, மூட்டைகளை விட்டு ஆட்களை ஏற்றவேண்டும் என்பதை மலைநாட்டுப் பிள்ளைகளும் அறிந்திருத்தல் நலம்.

இரண்டு வாரங்களின் பின் அந்த மாணவன் மலர்ந்த முகத்துடன் வந்தான். தகட்டிலே ‘மூவர்’ என்று இருந்ததாம். நடு இருக்கை தப்பிற்று; மேடை கைவிடப்பட்டது; மின்கலம் ஒன்றாகி முன்னே சென்றது. அண்ணன் ஆரஞ்சு நிற அங்கி அணிந்து, இருக்கையிலே அமர்ந்திருக்கும் படமும் வந்திருந்தது. “அம்மா அந்தப் படத்தைப் பார்த்துட்டுத்தான் சேர் படுக்கிறாங்க” என்றான்.

மயிலிறகேயானாலும் அளவுக்கு மிஞ்சி ஏற்றினால் அச்சு முறியும் என்பது வள்ளுவர் காட்டிய உண்மை. சிறு படகுக்கு எதையாவது கூட்ட விரும்புவோர், அதை அந்த ஒரு சாண் உயரத்திலிருந்தே கழிக்கிறோம் என்பதை முதலில் நினைவிற்கொள்வார்களாக.