ரோட்ரிக்ஸ் போகிறீர்களா? ஒரு நாள் கூடுதலாக வையுங்கள்

மொரிஷியஸ் பணத்தாளில் தமிழ் எழுத்தைப் பார்த்துப் பூரித்துத் திரும்பும் நம்மவர்களில் பலர், அங்கிருந்து கிழக்கே ஏறக்குறைய 600 கிலோமீட்டரில் இருக்கும் ரோட்ரிக்ஸை எட்டிப் பார்ப்பதில்லை. 108 சதுர கிலோமீட்டர்தான். லங்காவியில் மூன்றில் ஒரு பங்கு.

மொரிஷியஸிலிருந்து சிறிய விமானத்தில் சுமார் ஒன்றரை மணி நேரம். பெட்டியின் எடை வரம்பை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் காலம். அந்த விமானம் ரத்தானால், ஊர் திரும்பும் விமானமும் கைநழுவும். ஆகவே, திரும்பும் வழியில் மொரிஷியஸில் ஒரு நாளாவது தங்குவதுபோல் டிக்கெட் எடுங்கள்.

சனிக்கிழமை விடியற்காலையிலேயே போர்ட் மாத்துரின் சந்தைக்குப் போய்விடுங்கள். தேனும் எலுமிச்சையும் மிளகாய் ஊறுகாயும் அங்கே பேர்போனவை. பிளாஸ்டிக் பைக்குத் தடை என்பதால் துணிப்பை அவசியம். ரொக்கமும் கையில் இருக்கட்டும். நம் வீட்டு மூன்று முள் பிளக் அங்கும் பொருந்தும். வாகனங்களும் இடப்பக்கம்தான் ஓடும்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: தீவில் தண்ணீர்த் தட்டுப்பாடு உண்டு. சிலாங்கூரில் தண்ணீர்த் தடை வந்தால் வாளியோடு அலைந்த நமக்கு அந்தச் சிரமம் தெரியும். குளியலைச் சுருக்கமாக முடியுங்கள். நாம் நாலு நாளில் கிளம்பிவிடுவோம்; அவர்களுக்கு ஆண்டு முழுவதும் அந்தத் தண்ணீர்தான்.