ஒத்திகை வேகமும் பந்தய வேகமும்

2019-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் முதல் நாள், ஸ்பெயின் நாட்டுப் பார்ஸிலோனா நகரையடுத்த ஓட்டக்களத்தில், பார்முலா ஒன் மோட்டார் அணிகள் ஆண்டுத் தொடக்கச் சோதனை ஓட்டத்தை முடித்தன. பெராரி அணியின் செபாஸ்டியன் வெட்டல் ஒரு சுற்றை 1 நிமிடம் 16.221 வினாடியிலும், மெர்ஸிடிஸ் அணியின் லூயிஸ் ஹாமில்டன் 1 நிமிடம் 16.224 வினாடியிலும் முடித்தனர். எட்டு நாட் சோதனையையும் கண்டோர் பலர், பெராரியே முந்தும் என்றனர். அம்மாதம் 17-ஆம் நாள் மெல்போர்ன் நகரில் முதற் பந்தயம் நிகழ்ந்தது. மெர்ஸிடிஸ் வண்டிகள் முதலிரண்டு இடங்களையும் கொண்டன. வெட்டலோ, வென்ற வால்டெரி போட்டாஸுக்கு 57 வினாடி பின்னே நான்காமவராய் வந்தார். ஓடிய சுற்றுக்கள் 58. அஃதாவது சுற்றுக்கு ஏறக்குறைய ஒரு வினாடி! ஆயிரத்தில் மூன்று கூறாய் இருந்த வேற்றுமை எங்ஙனம் இத்துணை விரிந்தது?

பழந்தமிழர் தேர் செலுத்துவோனை வலவன் என்றனர். மோட்டார் வண்டிக்கும் அப்பெயர் பொருந்துமாதலின் ஈண்டு யாமும் அதனையே கொள்வாம்.

பந்தயத்தில் வலவர் எல்லோர்க்கும் நோக்கம் ஒன்றே. சோதனையில் அணிக்கொரு நோக்கம். ஓரணி பொறியின் உழைப்பை அளக்கும்; ஓரணி புதிய உறுப்பொன்றை ஆராயும்; பிறிதோரணி தன் வலிமையை ஒளிக்கும். மெர்ஸிடிஸ் அணி, பெரிதும் மாற்றியமைத்த வண்டியை இரண்டாம் வாரத்திற்றான் களத்திற்குக் கொணர்ந்தது. முதல் வாரத்து எண்களைக் கொண்டு அதனை எடைபோட்டமை பார்த்தோர் பிழையேயன்றி எண்களின் பிழையன்று.

கண்ணுக்குத் தோன்றாத பெருங்காரணம் பெட்ரோலின் பாரம். 2010 முதல் பந்தயத்தின் நடுவே பெட்ரோல் நிரப்புதல் விலக்கப்பட்டது. 2019-ஆம் ஆண்டு விதிப்படி ஒரு பந்தயத்திற்கு 110 கிலோவே உச்ச அளவு. பத்துக் கிலோ மிகுந்தால் சுற்றொன்றுக்கு ஏறக்குறைய 0.3 வினாடி தாழும் என்பது வல்லுநர் வழங்கும் கணக்கு. எனவே நாற்பது கிலோவை மிகையாகச் சுமந்தோடும் அணி ஒரு வினாடிக்கு மேல் பிந்தியதாகத் தோன்றும். தொட்டியில் உள்ளதை வெளியார் அறியார்.

அடுத்தது டயர். மெல்லிய டயர் விரைவு தரும், விரைவில் தேயும். கடியது இதற்கு மாறு. இதற்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. அதே பார்ஸிலோனாக் களத்தில் அவ்வாண்டு மே மாதம் நிகழ்ந்த தகுதி ஓட்டத்தில் வெட்டல் ஓடிய நேரம் 1 நிமிடம் 16.272 வினாடி. மார்ச்சில் தாம் ஓடியதனினும் பிந்தியது! மார்ச்சில் அவர் வண்டி பூண்டது ஐவகை டயர்களுள் மிக மெல்லியது. மேயில் கிடைத்தவற்றுள் மெல்லியதும் அதனினும் இரண்டு படி கடியது. ஆதலின் பெராரி தேய்ந்ததென்று கூறுவது தவறு. ஆயினும் அன்று போட்டாஸ் ஓடிய நேரம் 1 நிமிடம் 15.406 வினாடி.

இனி, உண்மையை ஒருவாறு காட்டுவது நீண்ட ஓட்டம். ஒரே டயரில் பத்துப் பதினைந்து சுற்றுக்கள் தொடர்ந்து ஓடுங்கால், ஒவ்வொரு சுற்றையும் குறித்து, பிற வண்டிகளால் தடையுண்ட சுற்றுக்களை நீக்கி, எஞ்சியவற்றை நோக்குதல் வேண்டும். யாமே புனைந்ததோர் எடுத்துக்காட்டுக் கூறுவாம். பதினைந்து சுற்றுக்களையும் முதலணி 1 நிமிடம் 21.0 வினாடியாகவே ஓடுகின்றது. இரண்டாமணி 20.6-இல் தொடங்கிச் சிறிது சிறிதாக ஏறி 21.4-இல் முடிக்கின்றது. சராசரி இரண்டிற்கும் ஒன்றே. விரைந்த தனிச் சுற்றோ இரண்டாமணியினது. ஆயினும் பந்தயத்தில் யாம் முதலணியையே நம்புவோம். பார்ஸிலோனாவில் 66 சுற்றுக்கு 110 கிலோ எனின், சுற்றுக்கு ஒன்றே முக்காற் கிலோவிற்குச் சற்றுக் குறையச் செலவாகி, வண்டி சுற்றுக்கு 0.05 வினாடி விரைவுபெறும். முதலணியின் நேரம் மாறாதிருத்தலின், அதன் டயர் தேய்வும் அவ்வளவே. இரண்டாமணியின் தேய்வோ அதனின் ஏறக்குறைய இருமடங்கு. அது மற்றொருமுறை டயர் மாற்ற நிற்குமாயின் இருபது வினாடியளவு இழக்கும். இவையெல்லாம் இரண்டும் ஒத்த பாரத்துடன் தொடங்கின என்று கொண்டே கூறினோம். அக்கொள்கை தவறின் கணக்கும் தவறும்.

பந்தய வார வெள்ளிக்கிழமை ஒத்திகை சோதனையினும் நம்பத்தக்கது. ஞாயிறன்று டயர் எத்துணைச் சுற்றுத் தாங்கும் என்பதை அணி தானே அறிந்தாக வேண்டும். பிறர்க்கு ஒளிப்பின் தனக்கும் ஒளித்ததாகும். மெல்போர்னில் அவ்வெள்ளியன்று இரண்டாம் ஒத்திகையில் ஹாமில்டன் முதல்வர். வெட்டல் முக்கால் வினாடிக்கு மேற் பிந்தி ஐந்தாமவர். செய்தி அன்றே வெளிப்பட்டுவிட்டது. பார்ஸிலோனாவை மறக்க மாட்டாதோர் அதனை ஏற்கவில்லை.

ஐயுறவும் சிலபோது மோசஞ் செய்யும். ஹோண்டா நிறுவனம் 2008 டிசம்பரில் விலகியபின் அதன் அணி பிரான் என்னும் பெயருடன் 2009 மார்ச்சில் சோதனைக்கு வந்து, எல்லோரையும் முந்தியது. பொருளுதவி செய்வாரை ஈர்த்தற்காகப் பாரங்குறைத்து ஓடுகின்றது என்றனர் பலர். வறிய அணிகள் அங்ஙனம் செய்தல் உண்டாதலின் அவ்வையம் அறியாமையன்று. அம்மாத இறுதியில் மெல்போர்னில் ஜென்ஸன் பட்டனும் ரூபன்ஸ் பாரிக்கெல்லோவும் அவ்வணிக்கு முதலிரண்டு இடங்களையும் பெற்றுத் தந்தனர். ஆண்டிறுதியில் வலவர் பட்டம் பட்டனுக்கும், அணிப் பட்டம் பிரானுக்கும் உரியவாயின.