சங்கத்திற்கு ஓர் இணையதளம்

பல நெசவாளர் சங்கங்கள் இணையதளம் அமைக்க முற்பட்டுள்ளன. தொடங்குமுன் நிர்வாகக் குழு சிந்திக்க வேண்டியவை சில உள.

முதலாவது, வாங்குவோரின் ஐயம் தீர்த்தல். சேலையைத் தொட்டுப் பார்க்க இயலாதவருக்கு நீளம், அகலம், நூலின் நம்பர், சலவை முறை, ரவிக்கைத் துணி உண்டா என்பவற்றைத் தெளிவாகத் தெரிவித்தல் வேண்டும். நிறம் பிறழாதிருக்கப் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்தல் நலம்.

இரண்டாவது, சட்டம். 2020ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு (மின் வணிகம்) விதிகளின்படி, விற்பவரின் பெயர், முகவரி, குறைதீர் அலுவலர், சரக்கைத் திருப்பி அனுப்பும் முறை ஆகியவற்றை வெளியிடல் வேண்டும். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்திற்குள் ஒப்புக்கொள்ளவும் வேண்டும்.

மூன்றாவதே தலையாயது. தளத்தின் பெயர் குறித்த காலத்திற்கு மட்டுமே பதிவாகிறது. புதுப்பிக்கத் தவறினால் பிறர் அதைப் பெறலாம். அமைத்துத் தரும் ஒப்பந்தக்காரரின் பெயரில் பதிவு இருப்பின், அவர் விலகும் நாளில் தளமும் நம் கையைவிட்டுப் போகக்கூடும். ஆகவே, சங்கத்தின் பெயரிலேயே பதிவு செய்து, புதுப்பிக்கும் தேதியைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுக. கடவுச்சொல்லைச் சங்க முத்திரைபோற் காத்திடுக. கடை நம்முடையதாயின் சாவியும் நம்மிடமே இருத்தல் வேண்டுமன்றோ?