ஐந்தாண்டுக் கணக்கில் அடங்காத கண்மாய்!

விருதுநகர் மாவட்டம் திருச்சுழி தாலுகாவில் இருக்கிறது பரளச்சி. சுற்றிலும் மானாவாரி பூமி. ஐப்பசி, கார்த்திகை மழை ஏமாற்றினால் கண்மாய் பெருகாது. கண்மாய் பெருகாவிட்டால் வெள்ளாமை இல்லை.

இந்த வறட்சிக்குத் தீர்வாகச் சொல்லப்படுவது காவிரி - வைகை - குண்டாறு இணைப்புத் திட்டம். காவிரியின் வெள்ள உபரியை மாயனூர் கதவணையிலிருந்து குண்டாறு வரை கொண்டுவர, சுமார் 262 கி.மீ நீளக் கால்வாய். மதிப்பீடு ரூ.14,400 கோடி. அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி அடிக்கல் நாட்டியது 2021 பிப்ரவரி 21-ல். ஐந்தே நாள்களில் சட்டமன்றத் தேர்தல் தேதி அறிவிப்பு வந்தது. மே மாதம் ஆட்சியே மாறியது.

கால்வாய்க்கு மூன்று கட்டங்கள். காவிரியிலிருந்து தெற்கு வெள்ளாறு வரை ஒன்று, அங்கிருந்து வைகை வரை இன்னொன்று. குண்டாற்றுக்குத் தண்ணீர் வருவது கடைசிக் கட்டத்தில்தான்!

யாருக்கு எது லாபம்?

கால்வாய் வெட்ட முதலில் நிலம் எடுக்க வேண்டும். நிலம் கொடுப்பவரின் கோபம் இந்தத் தேர்தலிலேயே தெரியும்; தண்ணீர் பார்ப்பவரின் நன்றி எந்தத் தேர்தலில் வரும், யார் கணக்கில் சேரும் என்று சொல்ல முடியாது. வீட்டுக்குள் வரும் பொருள் அப்படியல்ல. 2006-ல் தி.மு.க வாக்குறுதி தந்த கலர் டி.வி-யும், 2011-ல் அ.தி.மு.க சொன்ன மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறியும் அந்தந்த ஆட்சியிலேயே வீடு வந்து சேர்ந்தன. இத்தகைய தேர்தல் அறிக்கை வாக்குறுதிகள் சட்டப்படி ஊழல் நடவடிக்கை ஆகாது என்று 2013-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அரசியல்வாதிக்கு ஐந்தாண்டுக் கணக்கு. ஊருக்குத் தலைமுறைக் கணக்கு.

அதற்காக மக்களைக் குறை சொல்வதும் நியாயமில்லை. 2021 முதல் நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. 2023 செப்டம்பரிலிருந்து தகுதியான குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய். மழை பொய்த்த மாதத்தில் அடுப்பெரிய அந்தப் பணம் உதவும். இன்றைய பசியும் நாளைய தண்ணீரும் ஒரே வீட்டின் தேவைகள்தான். ஆனால், கேட்காமலே வருவது ஒன்று. கேட்டுக்கொண்டே இருந்தால்தான் வரும் மற்றது.

கேட்பதற்கு இடமும் இருக்கிறது. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள். அதில் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் தினம். வரத்துக்கால்வாய் எப்போது தூர்வாரப்படும், ஒதுக்கிய பணம் எவ்வளவு, செலவானது எவ்வளவு... கேட்டுத் தீர்மானத்தில் ஏற்றலாம். ஓட்டு கேட்டு வருபவரிடமும் ‘தண்ணி வருமா?’ என்று கேட்காதீர்கள். ‘முதல் வருஷத்துல எத்தனை கிலோமீட்டர் வெட்டுவீங்க?’ என்று கேளுங்கள். அப்போது ஊரின் கணக்கும் அவருடைய ஐந்தாண்டுக் கணக்குக்குள் வந்துவிடும்!