பெரிதும் பெரியவும்: கொரிய மொழியில் பெயரடை

கொரிய மொழியைப் புதிதாகக் கற்கத் தொடங்கிய தமிழ் மாணவர் ஒருவர், ‘பூ அழகாக இருக்கிறது’ என்பதைக் கொரியத்தில் எழுதுமாறு கேட்டபோது, ‘கோச்சி யெப்புன் இஸ்ஸொயோ’ என்று எழுதினார். சொற்கள் மூன்றும் உண்மையான கொரியச் சொற்களே. ‘கோத்’ என்பது பூ. எழுவாய் உருபு சேரும்போது ‘கோச்சி’ என்றாகும். ‘யெப்புன்’ என்பது அழகிய. ‘இஸ்ஸொயோ’ என்பது இருக்கிறது. ஆயினும் வாக்கியம் பிழை. கொரியர் ‘கோச்சி யெப்பொயோ’ என இரண்டே சொற்களில் முடித்துவிடுவர். ‘இருக்கிறது’ என்பதற்கு அங்கே இடமே இல்லை.

மாணவர் கவனக்குறைவால் இப்பிழையைச் செய்யவில்லை. தம் பேச்சுத் தமிழை அப்படியே கொரியத்தில் பெயர்த்துவைத்தார். ஆங்கில வழியில் கற்கும் மாணவர் வேறொரு வகையில் வழுக்குகின்றனர். ஆங்கிலப் பெயரடை தனித்து நின்று பயனிலை ஆகாது என்பதால், ‘ஆகும்’ என்னும் பொருள்படும் ‘இயெயோ’ என்பதைத் தேடி ஒட்டுகின்றனர். இவ்விரு பிழைகளையும் திருத்தும் மருந்து நம் இலக்கண வகுப்பிலேயே கிடக்கிறது. தேர்வு முடிந்ததும் மாணவர் மறந்துவிடும் ‘குறிப்பு வினை’ என்னும் பகுதியே அது.

செய்திக்குள் புகுமுன் ஒலிபெயர்ப்பைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். கொரியச் சொற்களை இங்கே தமிழ் எழுத்திலேயே தருகிறோம். தமிழில் ககரம் சொல்லின் முதலில் வல்லொலியாகவும், உயிர்களுக்கு இடையே மெல்லியதாகவும் ஒலிப்பதை அறிவோம். கொரியத்திலும் ஏறத்தாழ அவ்வாறே. கடை என்னும் பொருளுடைய ‘ககெ’ என்ற சொல்லில் முதற்ககரம் ஒருவாறும் அடுத்தது வேறொருவாறும் ஒலிக்கும், எழுத்து ஒன்றே. இதனினும் வியப்பானது குற்றியலுகரம். ‘காது’, ‘நாடு’ என்னும் சொற்களின் இறுதியில் இதழ் குவியாமல் ஒலிக்கிறோமே, அவ்வுகரத்திற்குக் கொரியத்தில் தனி எழுத்தே உண்டு. மற்ற மொழியினர் பல நாள் பழகும் அவ்வொலியைத் தமிழ் மாணவர் முதல் நாளிலேயே சொல்லிவிடுவர். இக்கட்டுரையில் ‘உ’ என வருவதெல்லாம் அக்குற்றியலுகரம். இதழ் குவியும் உகரத்தை ‘ஊ’ என்றும், ஒகர வகை இரண்டனுள் இதழ் குவிவதை ‘ஓ’ என்றும், குவியாததை ‘ஒ’ என்றும் எழுதுகிறோம். நெடிலாக நீட்டவேண்டா. மூச்சொலியும் இறுக்கமான வல்லொலியும் தமிழ் எழுத்தில் அடங்கா. அவற்றை ஆசிரியர் வாய்மொழியாகவே கற்பிக்கவேண்டும்.

இனிக் குறிப்பு வினைக்கு வருவோம். ‘வீடு பெரிது’ என்னும் வாக்கியத்தில் ‘பெரிது’ என்பது பயனிலை. அதற்கு ‘இருக்கிறது’ என்னும் துணை வேண்டியதில்லை. அதே பண்பு பெயருக்கு முன் வந்தால் ‘பெரிய வீடு’ ஆகிறது. முன்னது குறிப்பு வினைமுற்று. பின்னது குறிப்புப் பெயரெச்சம். ஒரே அடியிலிருந்து முற்றும் எச்சமும் பிறக்கின்றன. கொரியப் பண்புச் சொற்கள் அனைத்தும் இவ்வழியில்தான் இயங்குகின்றன. அகராதியில் ‘குதா’ என்று காண்போம். இறுதியிலுள்ள ‘தா’ அகராதி வடிவத்தின் ஈறு. அதை நீக்கினால் ‘கு’ என்னும் அடி கிடைக்கும். ‘ஜிபி கொயோ’ என்றால் வீடு பெரிது. ‘குன் ஜிப்’ என்றால் பெரிய வீடு. கொரியர் தம் இலக்கணத்தில் இவற்றைப் பெயரடை என்று தனி வகையாகப் பெயரிட்டாலும், வினையைப்போலவே இவை ஈறேற்றுத் திரிகின்றன. ‘பெரிது, சிறிது, இனிது, அரிது’ என்று வாய்விட்டுச் சொல்லிப் பழகிய மாணவருக்கு ‘யெப்பொயோ’ என்பது ‘அழகிது’ என்று தானே விளங்கும். ‘இருக்கிறது’ என்பதைத் தேடமாட்டார்.

ஒரு வேறுபாட்டை மறைத்தல் முறையன்று. தமிழ்க் குறிப்பு வினை காலத்தை வெளிப்படையாகக் காட்டாது. கொரியப் பண்புச் சொல் காட்டும். வீடு முன்பு பெரிதாக இருந்தது என்பதற்கு ‘கொஸ்ஸொயோ’ என்னும் ஒரே சொல் போதும். ஆகவே ஒப்புமை நம்மை வாசல்வரை கொண்டுவிடும். உள்ளே நாமே நடக்கவேண்டும்.

எச்சம் ஆக்கும் முறை எளிது. அடி உயிரில் முடிந்தால் னகர ஒற்று ஒன்றே சேரும்: ‘யெப்பு’ என்பது ‘யெப்புன்’ ஆகும். மெய்யில் முடிந்தால் இடையில் சாரியைபோல் ஓர் உகரம் தோன்றி ‘உன்’ ஆகும்: சிறிது எனப் பொருள்படும் ‘ஜக்தா’, ‘ஜகுன்’ ஆகிறது, குறுகலானது எனப் பொருள்படும் ‘ஜோப்தா’, ‘ஜோபுன்’ ஆகிறது. ‘ஜோபுன் கில்’ என்றால் குறுகிய பாதை. பெயர் ஒருமையோ பன்மையோ, உயர்திணையோ அஃறிணையோ, எவ்வுருபு ஏற்றதோ, எச்சம் மாறாது. ‘பெரிய வீடு, பெரிய வீடுகளில், பெரிய மனிதருக்கு’ என்று சொல்லும் நமக்கு இதை விளக்கவே வேண்டா.

சில அடிகள் புணர்ச்சியில் திரியும். லகர ஈறு கெடும்: நீளமானது எனப் பொருள்படும் ‘கில்தா’, ‘கின்’ ஆகும், தொலைவிலுள்ளது எனப் பொருள்படும் ‘மொல்தா’, ‘மொன்’ ஆகும். கல்லும் மனமும் சேர்ந்து கன்மனம் ஆவதைக் கேட்ட செவிக்கு இது முற்றிலும் அயலாகத் தோன்றாது. விதி வேறு என்பதை மட்டும் நினைவிற்கொள்க. பகர ஈற்றுச் சொற்கள் பலவற்றில் பகரம் இதழ் குவிந்த உகரமாக உருகும். காரமானது ‘மெப்தா’, காரமான கிம்ச்சி ‘மெ-ஊன் கிம்ச்சி’. வெப்பமானது ‘தொப்தா’, நம்முடையதைப் போன்ற வெப்ப நாடு ‘தொ-ஊன் நரா’. முன்னே கண்ட ‘ஜோப்தா’ மட்டும் ஏன் உருகவில்லை என்று மாணவர் கேட்பர். எவை உருகும், எவை உருகா என்பதை மனனம் செய்வதைத் தவிர வேறு வழியில்லை. விதி ஒன்று இருப்பதாகக் காட்டி ஏமாற்றுவதைவிட இதை நேரே சொல்லிவிடுதல் நன்று.

உணவைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் தேவைப்படும் சொல் ‘மசித்தா’. இது தனிச்சொல்லன்று, சுவை எனப் பொருள்படும் ‘மத்’ என்பதும், உண்டு எனப் பொருள்படும் ‘இத்தா’ என்பதும் சேர்ந்தது. இது ‘உன்’ ஏற்காமல் ‘னுன்’ ஏற்று ‘மசின்னுன்’ என்றாகும். ஆங்கில வழி நூல்கள் இதனை விலக்கு என்று குறிப்பிடும். தமிழில் ‘சுவையுள்ள’ என்று பெயர்த்தால் உள்ளமைப்பு வெளிப்படும். எதிர்மறை ‘மதொம்னுன்’: சுவையில்லாத. உள்ள, இல்லாத என்னும் இரண்டைக்கொண்டு நாம் எத்தனை அடைகளை ஆக்குகிறோமோ, கொரியரும் அவ்வாறே ஆக்குகின்றனர். சீன வழிச் சொற்கள் ‘ஹதா’ என்னும் வினையைத் துணையாகக் கொண்டு ‘ஹன்’ என முடியும்: ‘ஜூங்யோஹன்’ என்றால் முக்கியமான, ‘யூம்யொங்ஹன்’ என்றால் புகழ்பெற்ற. வடமொழியிலிருந்து பெற்ற பெயர்களோடு ‘ஆன’ சேர்த்து முக்கியமான, சுத்தமான என்கிறோம் அல்லவா? வந்த சொல்லுக்கு வீட்டு வினையை மணமுடித்து வைக்கும் வழக்கம் இரு மொழிக்கும் பொது.

கற்போர் பெரிதும் இடறுமிடம் இனித்தான் வருகிறது. தெரிநிலை வினைகளுக்கும் கொரியத்தில் பெயரெச்சம் உண்டு. ‘மொக்தா’ என்றால் உண்ணுதல். ‘மொங்னுன்’ உண்கின்ற, ‘மொகுன்’ உண்ட, ‘மொகுல்’ உண்ணும். முக்காலப் பெயரெச்சத்தை விளக்க ஆங்கில நூல்கள் பல பக்கங்களைச் செலவிடும்; நமக்கோ அது மனப்பாடம். ஆனால் ‘மொகுன்’, ‘ஜகுன்’ இரண்டும் ‘உன்’ என்றே முடிவதை நோக்குக. வினையோடு சேர்ந்த ‘உன்’ இறந்தகாலம் காட்டும்; பண்போடு சேர்ந்தது நிகழும் நிலையைக் காட்டும். ஆகவே ‘ஜகுன்’ என்பதைச் ‘சிறியதாயிருந்த’ என்று கொள்ளுதல் தவறு. ‘மொகுன்’ என்பதை ‘உண்கின்ற’ என்று கொள்ளுதலும் தவறு. சொல் வினையா பண்பா என்பதை அறியாமல் எச்சத்தின் பொருளை அறிய இயலாது.

எது வினை, எது பண்பு? இங்கே இரு மொழிகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டதுபோல் ஒத்துப்போகின்றன. இளமையைக் குறிக்கும் ‘ஜொம்தா’ கொரியத்தில் பண்பு. அதன் எச்சம் ‘ஜொல்முன்’. முதுமையைக் குறிக்கும் ‘நுக்தா’ வினை. அதன் எச்சம் ‘நுல்குன்’, இறந்தகால வடிவம். தமிழிலும் ‘இளைய’ என்பது குறிப்புப் பெயரெச்சம். ‘முதிர்ந்த’ என்பது இறந்தகாலத் தெரிநிலைப் பெயரெச்சம். இளமை இருக்கும் நிலை. முதுமை நிகழ்ந்து முடிந்த ஒன்றின் விளைவு. உயர்ந்த, சிறந்த, நைந்த என்று இறந்தகாலத்தைக்கொண்டு இன்றைய நிலையை நாம் சொல்லுவதும் இக்கருத்திலேதான். ஆங்கிலத்தில் இவ்விரண்டும் ஒரே வகைப் பெயரடையாக நிற்பதால், அவ்வழியே கற்பவருக்கு இவ்வேறுபாடு காரணமற்றதாகத் தோன்றும்.

கொரியருக்குள்ளும் இக்கேள்வி ஓய்ந்ததன்று. முகவெட்டுள்ள ஆடவரை ‘ஜல்செங்கின்’ என்பர். நேர்ப்பொருள் ‘நன்கு அமைந்த’ என்பதாகும். அதன் அகராதி வடிவமான ‘ஜல்செங்கிதா’ நெடுங்காலம் பெயரடையாகவே பதிவுபெற்றிருந்தது. 2017ஆம் ஆண்டில் கொரியத் தேசிய மொழி நிறுவனம் அதனையும், தேய்ந்து பழையதாதலைக் குறிக்கும் ‘நக்தா’ முதலிய வேறு நான்கு சொற்களையும் வினை என்று மாற்றிப் பதிந்தது. ‘அழகர்’ என்று இப்போது சொல்லவும் ‘அமைந்தார்’ என்னும் இறந்தகால வடிவமே வேண்டியிருக்கிறது. பண்புச் சொல் அவ்வாறு நடந்துகொள்ளாது என்பதே காரணம். ‘அழகாக இருப்பது எப்படி வினையாகும்’ என்று அந்நாட்டில் பலர் வியந்தனர். ‘வடிவமைந்த’ என்னும் சொல்லை உடையவர் வியக்கமாட்டார்.

இத்தகைய ஒப்புமைகளைக் கண்டு கொரியமும் தமிழும் உடன்பிறந்த மொழிகள் என்று முடிவுகட்டுவோர் உளர். இக்கருத்து புதிதன்று. அமெரிக்கரான ஹோமர் ஹல்பர்ட் கொரியத்தையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு 1905ஆம் ஆண்டிலேயே சியோலில் ஒரு நூல் வெளியிட்டார். மொழியியலாளர் அவ்வுறவை ஏற்றுக்கொள்ளவில்லை. அடை முன்னும் பெயர் பின்னும், எழுவாய் முதலிலும் வினை இறுதியிலும் வரும் மொழிகள் உலகில் பல; அவை ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் அல்ல. ‘அம்மா’, ‘அப்பா’ போன்ற ஒலியொற்றுமைகளை வகுப்பில் சுவைக்காகச் சொல்லலாம், சான்றாகச் சொல்லலாகாது. அமைப்பு ஒப்புமை நமக்குக் கற்கும் கருவி. அதற்குமேல் அதன்மேல் பாரமேற்ற வேண்டியதில்லை.

உறவுச் சொற்களை எடுத்துக்கொண்டால் அடைகளின் பயன் இன்னும் தெளிவாகும். ‘அபொஜி’ என்றால் தந்தை. தந்தைக்கு மூத்தவர் ‘குனபொஜி’, இளையவர் ‘ஜகுனபொஜி’. ‘குன்’ பெரிய, ‘ஜகுன்’ சிறிய. பெரியப்பா, சிற்றப்பா! எந்த அகராதியும் இவ்வளவு சுருக்கமாக விளக்கமுடியாது. ‘குன் ஜிப்’ என்று இடம்விட்டு எழுதினால் பெரிய வீடு. சேர்த்து எழுதினால் குடும்பத்தின் மூத்தவர் வாழும் வீடு. பெரியவீட்டார் என்னும் வழக்கை அறிந்த மாணவர் புன்னகைப்பர். பெரியவர்களைப் பற்றிப் பேசுகையில் ஓர் எச்சரிக்கையும் வேண்டும். வயதில் மூத்தவரை ‘நுல்குன்’ என்பது நம்மிடையே ‘கிழட்டு’ என்பதற்கு நிகரான அவமதிப்பு. ‘யொன்செகா மனுஷின்’ என்றே சொல்லவேண்டும். வயது மிக்கவரான என்பது பொருள். இடையில் வரும் ‘ஷி’ மதிப்பைக் காட்டும் இடைநிலை. அடைக்குள்ளும் மரியாதை நுழையும் மொழி அது.

அடைகளின் வரலாறும் சுவையுடையது. இன்று இளம் வயதினரைக் குறிக்கும் ‘ஒரின்’ என்னும் எச்சம், 15ஆம் நூற்றாண்டுக் கொரியத்தில் அறியாத என்று பொருள்பட்டது. அறியாமையையும் இளம்பெண்ணின் பருவத்தையும் ‘பேதை’ என்னும் ஒரே சொல்லால் குறித்தவர்கள் நாம்.

திரியாத அடைகளும் சில உண்டு. ‘செ ஜிப்’ என்றால் புது வீடு. ‘செ’ பயனிலையாக வாராது, ஈறும் ஏற்காது, ‘புது’, ‘நல்’ என்பனபோல் பெயரை ஒட்டியே நிற்கும். இத்தகையவற்றைப் பட்டியலிட்டு மனனம் செய்வித்தால் போதும்.

பயிற்சியில் எளிய தொடரைவிட ஒரு படி மேலானதை விரைவிலேயே தரலாம் என்பது எம் கருத்து. ‘மொரிகா கின் சரம்’: ‘மொரி’ முடி, ‘கா’ எழுவாய் உருபு, ‘கின்’ நீண்ட, ‘சரம்’ ஆள். ‘முடி நீண்ட ஆள்’ என்று சொல்லுக்குச் சொல் தமிழாகிறது. ஆங்கில வழி வகுப்புகளில் பல மாதங்களுக்குப் பின் வரும் இவ்வமைப்பைத் தமிழ் மாணவர் இரண்டாம் வாரத்திலேயே கையாள இயலும். முதலிற்கண்ட மாணவரிடம் ‘பூ அழகிது’ என்று எழுதித் தந்து மீண்டும் பெயர்க்கச் சொன்னபோது, அவர் ‘இஸ்ஸொயோ’வை அடித்துவிட்டு, ‘யெப்புன்’ என்பதை ‘யெப்பொயோ’ என்று திருத்தினார். பிறகு, கேளாமலே, அதன் கீழே ‘யெப்புன் கோத்’ என்றும் எழுதினார்.