குப்பை வண்டி வருவதற்கு முன் பத்து நொடி

காலையில் தெருமுனையில் பேட்டரி வண்டியின் பாட்டுச் சத்தம் கேட்டதும் நம் வீடுகளில் என்ன நடக்கிறது? சமையலறை டப்பா, குளியலறை டப்பா, ஹாலில் கிடக்கும் பார்சல் கவர், எல்லாம் ஒரே பைக்குள் போகும். ஒரு முடிச்சு போடுவோம். வண்டியில் போட்டாச்சு, வேலை முடிஞ்சுது.

முடிந்தது நம் வேலைதான். அந்த முடிச்சை இன்னொருவர் அவிழ்க்க வேண்டும். எங்கள் தெருவுக்கு வரும் தூய்மைப் பணியாளர் ஒருநாள் தன் உள்ளங்கையைக் காட்டினார். சாம்பார் சாதத்தோடு கலந்து கிடந்த உடைந்த பல்பு கிழித்த காயம். "பேப்பர்ல சுத்தி, மேல கண்ணாடின்னு எழுதிக் குடுத்திருந்தா போதும் சார். உள்ள என்ன இருக்குன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார். கோபமே இல்லாமல் கேட்டதுதான் உறைத்தது. அந்த பல்பு எங்கள் வீட்டுடையதாகவும் இருந்திருக்கலாம்.

சுற்றுச்சூழல் பாதுகாப்பு என்றதும் மரம் நடுவது, காட்டைக் காப்பது என்றுதான் நினைக்கிறோம். அது அரசு வேலை, வனத்துறை வேலை என்றும் ஒரு எண்ணம். 1976-ல் வந்த 42-வது அரசியலமைப்புத் திருத்தம் இரண்டு பக்கமும் பொறுப்பு கொடுத்திருக்கிறது. 48ஏ பிரிவு, சுற்றுச்சூழலைக் காக்க வேண்டும் என்று அரசுக்குச் சொல்கிறது. 51ஏ பிரிவோ காடு, ஏரி, ஆறு, வன உயிரினம் உள்ளிட்ட இயற்கையைக் காப்பதும், உயிர்களிடம் இரக்கம் காட்டுவதும் ஒவ்வொரு குடிமக்களின் அடிப்படைக் கடமை என்கிறது. இந்தக் கடமையைச் செய்ய நீங்கள் காட்டுக்குப் போக வேண்டியதில்லை. சமையலறையிலேயே ஆரம்பிக்கலாம்.

கலந்து போட்ட குப்பை எங்கே போகிறது? சென்னையை எடுத்துக்கொள்வோம். தினமும் 5,000 டன்னுக்கு மேல் குப்பை சேரும் ஊர் இது. பிரிக்கப்படாமல் வருவது பல வருடங்களாக வடக்கே கொடுங்கையூருக்கும் தெற்கே பெருங்குடிக்கும் போய்க் குவிந்தது. பெருங்குடிக் கிடங்கு இருப்பது பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில். மழைநீரை வாங்கி வைத்துக்கொண்டு தென்சென்னையை வெள்ளத்திலிருந்து ஓரளவு காப்பாற்றும் நிலம் அது. பூநாரைகள் வந்து இறங்கும் இடமும்கூட. 2022-ல் அதற்கு ராம்சர் ஈரநிலம் என்ற சர்வதேச அங்கீகாரம் கிடைத்தது. அதே ஏப்ரல் மாதக் கடைசியில் பக்கத்துக் குப்பைக் கிடங்கு தீப்பிடித்து, நாள்கணக்கில் எரிந்தது. சுற்றுவட்டார மக்கள் அந்தப் புகையைத்தான் சுவாசித்தார்கள்.

ஏன் எரிகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பிரிக்க வேண்டிய காரணமும் புரிந்துவிடும். காய்கறித் தோலும் சோறும் காற்றோட்டத்தில் மக்கினால் உரம். அதே பொருள் பிளாஸ்டிக் பைக்குள் கட்டப்பட்டு, மலைபோன்ற குவியலின் அடியில் காற்றில்லாமல் அழுகினால் மீத்தேன் வாயு. மீத்தேன் சட்டென்று தீப்பிடிக்கும். வெப்பத்தைப் பிடித்து வைப்பதில் கரியமில வாயுவைவிட 25 மடங்குக்கும் மேல் வீரியம் உள்ளது. கூடவே கறுப்பாக ஒரு சாறு வடியும். அது மண்ணில் இறங்கி நிலத்தடி நீரில் கலக்கும். ஆக, கெடுதல் செய்வது வாழைப்பழத் தோல் அல்ல, அதைக் கட்டிப்போட்ட கவர்.

பழைய குவியலைத் தோண்டி, சலித்து, பிரித்து எடுக்கும் பயோமைனிங் பணியை சென்னை மாநகராட்சி கையில் எடுத்தது. பெருங்குடிக்கு சுமார் 350 கோடி ரூபாய், கொடுங்கையூருக்கு சுமார் 640 கோடி ரூபாய் மதிப்பிலான திட்டங்கள். நம் வீட்டில் இரண்டு டப்பா வைத்திருந்தால் பத்து நொடியில் காசில்லாமல் முடிந்திருக்கும் வேலை இது. அதைத்தான் இவ்வளவு செலவில் பின்னாடி செய்கிறோம்.

எப்படிப் பிரிப்பது? 2016-ல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகளே வீட்டிலேயே பிரித்துக் கொடுப்பதைக் கட்டாயம் ஆக்கிவிட்டன. பச்சை டப்பாவில் மக்கும் குப்பை, நீல டப்பாவில் மக்காத குப்பை. பால் கவரை ஒரு தடவை அலசிப் போட்டால் நாற்றம் வராது, மறுசுழற்சிக்கும் போகும். நாப்கின், டயப்பரைத் தனியாகப் பேப்பரில் சுற்றி, சிவப்பு பேனாவால் ஒரு குறி போடுங்கள். திறந்து பார்க்க வேண்டாம் என்று பணியாளருக்குப் புரிந்துவிடும். உடைந்த கண்ணாடி, காலாவதி மாத்திரை, ஊசி இவற்றையும் தனியே கட்டிக் கொடுக்கவும்.

வீட்டுக் குப்பையில் பாதிக்கு மேல் மக்கும் வகைதான். மொட்டை மாடியோ பால்கனியோ இருந்தால் அதை வெளியே அனுப்பவே தேவையில்லை. பக்கவாட்டில் ஓட்டை போட்ட பழைய பக்கெட் ஒன்று போதும். அடியில் தேங்காய் நார் அல்லது காய்ந்த இலை, அதன்மேல் அன்றைய காய்கறிக் கழிவு, மறுபடியும் காய்ந்த இலை. கொஞ்சம் புளித்த மோர் தெளித்தால் சீக்கிரம் மக்கும். வாரத்துக்கு ஒருமுறை கிளறிவிட வேண்டும். நாற்றம் வந்தால் ஈரம் அதிகம் என்று அர்த்தம், காய்ந்த இலையைச் சேருங்கள். எலும்பு, மீன் கழிவு வேண்டாம், எலி வரும். இரண்டு மாதம் ஆனதும் மண்வாசனையோடு கறுப்பாக உரம் கிடைக்கும். எங்கள் வீட்டில் முதல் தடவை புழு வந்து, வீட்டம்மா பக்கெட்டோடு என்னையும் வெளியே அனுப்பப் பார்த்தார். இலை போதாமல் போனதுதான் காரணம். இப்போது அந்த உரத்தில்தான் கறிவேப்பிலை தழைக்கிறது.

அடுத்தது, இதைப் படித்துக்கொண்டிருக்கும் கருவி. பழைய செல்போன், பவர் பேங்க், உப்பிப்போன பேட்டரி இவற்றைக் குப்பைப் பையில் போடவே கூடாது. லாரியில் குப்பையை அழுத்தும்போது லித்தியம் பேட்டரி நசுங்கினால் வண்டியே தீப்பிடிக்கலாம். காயலான் கடையில் போட்டால் ஒயரை எரித்துச் செம்பு எடுக்கும் கைகளுக்குப் போகவும் வாய்ப்பு உண்டு. 2023 ஏப்ரல் முதல் அமலில் உள்ள மின்னணுக் கழிவு விதிகள், மறுசுழற்சிப் பொறுப்பைத் தயாரிப்பு நிறுவனங்கள் மேல் வைத்திருக்கின்றன. போன் வாங்கிய நிறுவனத்தின் சேவை மையத்தில் கேளுங்கள். கொடுக்கும் முன் சிம்மை எடுத்துவிட்டு, போனில் உள்ள தகவல்களை முழுவதும் அழித்துவிடவும்.

பிளாஸ்டிக் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக்குக்குத் தடை. 2021 டிசம்பரில் மீண்டும் மஞ்சப்பை இயக்கம் வந்தது. கோயம்பேடு சந்தையில் உள்ளதுபோன்ற இயந்திரத்தில் 10 ரூபாய் போட்டால் துணிப்பை வரும். வண்டி சீட்டுக்கு அடியில் ஒரு பை மடித்து வைத்துக்கொண்டால் அந்த 10 ரூபாயும் மிச்சம்.

குப்பையை எரிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. திறந்தவெளியில் எரித்தால் 5,000 ரூபாய், பெரிய அளவில் எரித்தால் 25,000 ரூபாய் என்று 2016 டிசம்பரிலேயே தேசிய பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டிருக்கிறது. போகிக்கு டயரும் பழைய பாயும் எரிப்பதும் இதில் சேர்ந்ததுதான். போகிப் புகையால் சென்னையில் விமானங்களே தாமதமாகியிருக்கின்றன. ஆஸ்துமா உள்ள குழந்தையை வீட்டில் வைத்திருப்பவர்களுக்கு அன்றைய காலை எப்படி விடிகிறது என்று கேட்டுப் பாருங்கள்.

"நான் பிரிச்சுத்தான் குடுக்கிறேன், வண்டியில ஒண்ணாக் கொட்டுறாங்களே?" என்ற கேள்வி நியாயமானது. சில இடங்களில் அப்படி நடக்கிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. அதற்காகப் பிரிப்பதை நிறுத்திவிடாமல், பார்த்ததைப் பதிவு செய்யுங்கள். சென்னையில் இருப்பவர்கள் நம்ம சென்னை செயலியில் படம் எடுத்து, இடத்தைக் குறித்துப் புகார் போடலாம், 1913-க்கும் அழைக்கலாம். மற்ற ஊர்களில் உங்கள் நகராட்சி, பேரூராட்சி அல்லது ஊராட்சி அலுவலகத்தில் முதலில் சொல்லுங்கள். நடவடிக்கை இல்லையென்றால் முதல்வரின் உதவி மையத்துக்கு 1100 என்ற எண்ணில் தெரிவிக்கலாம். தேதி, நேரம், தெருப் பெயர் மூன்றையும் சொல்லி, புகார் எண்ணைக் கேட்டுக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மறுபடி விசாரிக்கும்போது அந்த எண்தான் கேட்பார்கள்.